மூன்று கிலோ

எனக்கு முப்பத்தொரு வயதான ஆண்டில், பெண்களுக்கான தேசிய மட்டக் குத்துச்சண்டைப் போட்டிக்கு முன்பாக, ஆறு வாரப் பயிற்சி முகாமுக்கு நுவரெலியாவுக்குப் போனேன். நான் கல்லடியில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் ஓடினாலும் தரை சமமாகத்தான் இருக்கும். பகலில் புளியந்தீவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. விடியவும் பின்னேரமும் பயிற்சி. ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் இரண்டு தடவை இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றிருந்தேன். இதோடு நிறுத்திக்கொள்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மலையில் முதல் வாரம் கேவலமாகப் போனது. கடற்கரை மணலில் ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடுகிற நான், தேயிலைச் சரிவில் வெட்டியிருந்த படிகளில் நூறு ஏறியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதிதான் உள்ளே போகிற மாதிரி இருந்தது. எங்கள் பயிற்றுநர் ஒரு காலத்தில் தானும் மேடையேறிய பெண். அவர் இதை எதிர்பார்த்தேயிருந்தார். முதல் ஏழு நாளும் எங்களை நடக்கவும் மெதுவாக ஓடவுமே விட்டார். காலையில் கண் விழித்ததும், கட்டிலைவிட்டு எழும்ப முன்னர், ஒவ்வொருத்தியும் தன் நாடியை எண்ணிச் சொல்ல வேண்டும். வழமையைவிட நாடி வேகமாக அடித்தால் அன்றைக்கு அவளுக்குப் படியேற்றம் கிடையாது. இரண்டாம் வாரத்தில்தான் வேக ஓட்டம் தொடங்கியது. முப்பது வினாடி ஏற்றம், நடந்து இறக்கம், மறுபடியும் ஏற்றம். வாரத்தில் இரண்டு நாள் பாரம் தூக்கினோம். தடவைகள் குறைவு, பாரம் அதிகம். மணல் மூட்டையைத் தோளில் சுமந்து படியேறினோம். இறக்கத்தில் ஓடக் கூடாது என்பதில் மட்டும் அவர் கறார். ஏறும்போது மூச்சுத்தான் போகும், இறங்கும்போதுதான் தொடைத் தசை கிழியும் என்பார்.

இந்தப் பழக்கமெல்லாம் தேவைப்படாத ஒருத்தி எங்களோடு இருந்தாள். அந்த மலையிலேயே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இருபத்தேழு வயது. சிறு வயதில் பள்ளிக்கூடம் போக தினமும் இரண்டு மைல் ஏறி இறங்கியவள். நாங்கள் நாக்குத் தள்ளி நிற்கிற படியில் அவள் பேசிக்கொண்டே ஏறுவாள். அவளும் ஐம்பத்தேழு கிலோதான். அதனால் பயிற்சிச் சண்டைக்கு எங்கள் இருவரையும் சோடி சேர்த்தார்கள். அறையிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

அவளை எனக்குப் பிடித்துப்போனது. என் போர்வை குளிருக்குப் போதாது என்று இரண்டாம் நாளே தன் வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து தந்தாள். நான் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். எனக்கு அவளுடைய ‘வந்திருச்சி’, ‘போயிருச்சி’ சிரிப்பு மூட்டும்.

நான்காம் வாரம் நடந்த பயிற்சிச் சண்டையில், மூன்றாவது சுற்றில், அவள் இடது கையால் என் வலது விலாவுக்குக் கீழே குத்தினாள். ஈரல் இருக்கும் இடம். கால் இரண்டும் தாமாக மடிந்து நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உடனே குனிந்து என் தலைக்கவசத்தைக் கழற்றி, “மெதுவா மூச்சு விடுங்கக்கா, அவசரப்படாதீங்க” என்றாள். வலி ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இவளை நான் வெல்லப் போவதில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எந்த நாளிலும்.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் படிகளில் ஓய்வுக்கு உட்கார்ந்திருந்தபோது அவளிடம் சொன்னேன்.

“நீ ஐம்பத்திநாலுக்கு இறங்கலாமே புள்ள. உன்ர உயரத்துக்கு அங்க ஒருத்தியும் நிக்க மாட்டாள். நான் இதில நிண்டா ரெண்டு பேருக்கும் பதக்கம் வரும்.”

அவள் கொஞ்ச நேரம் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். “நானும் அதத்தான் யோசிச்சேன்க்கா. ஒங்ககூட நின்னு எப்படி அடிக்கிறதுன்னு. மூணு கிலோதானே.”

“ஓம், மூண்டு கிலோதானே” என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவளுக்குப் பயந்துதான் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. அவள் என்மீது வைத்த அன்பை எடுத்து அவளை என் வழியிலிருந்து விலக்கினேன். பயிற்றுநருக்கு அவ்வளவு விருப்பமில்லை. பட்டினி கிடந்து குறைப்பதானால் வேண்டாம், சாப்பாட்டை மெல்ல மெல்லச் சரி செய்து குறைப்பதானால் பார்க்கலாம் என்றுதான் சம்மதித்தார்.

போட்டி கொழும்பில். மலைக் குளிரில் பழகிய உடம்பு அந்த வெக்கையில் திணறும் என்பதால், கடைசி மூன்று வாரத்தைச் சூடான இடத்தில் கழிக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவள் என்னோடு கல்லடிக்கு வந்தாள். ஆவணி மாதம். கச்சான் காற்று நிலத்தைச் சுட்டுக்கொண்டு வீசும் காலம். பயிற்றுநர் ஒரு தாளில் எல்லாம் எழுதித் தந்திருந்தார். முதல் பத்து நாள் காலை ஆறு மணிக்கு முன்னர் மட்டும் ஓட்டம். தாகம் எடுக்க முதலே தண்ணீர். உடம்பு முதலில் வியர்க்கப் பழக வேண்டும், அதன் பிறகுதான் கடும் பயிற்சி. மலையில் பிறந்தவர்களுக்கு வியர்வை பிந்தித்தான் வரும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

முதல் வாரம் அந்தத் தாளின்படியே நடந்தது. அம்மா அவளுக்கு எண்ணெய் இல்லாமல் மீன் அவித்துக் கொடுத்தார். ஆனால் தராசு ஐம்பத்தாறரையில் நின்றுவிட்டது. பத்தாம் நாளும் ஐம்பத்தாறரை. அவளுடைய முகம் வாடத் தொடங்கியது. என் முகமும்தான். அவள் இறங்காவிட்டால் பழையபடி ஐம்பத்தேழில் நிற்பாள், நான் அவளுக்கு முன்னால் நிற்க வேண்டி வரும்.

பதினோராம் நாள், பிளாஸ்டிக் துணியில் தைத்த வியர்வை உடுப்பை என் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் இளவயதில் பாவித்தது. காலை பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். அவள் ஓடினாள். நான் கடலோர வீதியில் சைக்கிளில் பக்கத்தில் போனேன். தண்ணீர்ப் போத்தல் என் சைக்கிள் கூடையில் இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து அவள் கையை நீட்டினாள். “கொஞ்சம் தண்ணி தாங்கக்கா.”

“ஒள்ளம் பொறு புள்ள. இன்னும் ஒரு சுத்து.”

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை. அடுத்த சுற்றின் நடுவில் அவளுடைய கால்கள் பின்னின. முகம் சிவந்து, காய்ந்திருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“என்ன செய்யுது?”

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பனி இறங்கிருச்சிக்கா. ஒண்ணுமே தெரியல. வாங்க வீட்டுக்குப் போவோம்” என்றாள். பிறகு முகம் குப்புற மணலில் விழுந்தாள்.

தோணிகளைக் கரையேற்றி மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்த உடுப்பை என்னால் கழற்ற முடியவில்லை. உடம்போடு ஒட்டிக் கிடந்தது. ஒருவர் மீன் வெட்டும் கத்தியால் அதைக் கிழித்தார். “ஐஸக் கொண்டாங்கடா” என்று கத்தினார். மீன் வைத்திருந்த வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டிகளைத் தூக்கி வந்து, மீனும் ஐஸுமாக அவள்மேல் கொட்டினார்கள். நான் கழுத்திலும் கக்கத்திலும் ஐஸை வைத்து அழுத்திப் பிடித்தேன். வலிப்பு வந்தது. ஓட்டோ வரும் வரை கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டேயிருந்தார்கள். ஐஸால் குளிர்வித்திராவிட்டால் வந்து சேரும்போதே உயிர் இருந்திராது என்று வைத்தியசாலையில் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் அவளுக்கு நினைவு திரும்பியது. ஆனால் சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனது. வெக்கையில் தசைகள் சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டன என்று விளக்கினார் வைத்தியர். இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். எவ்வளவு நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடினாள் என்று என்னிடம் கேட்டார். “சரியாத் தெரியாது” என்றேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் நான். அந்தக் கேள்வி எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய அக்கா தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். கொழுந்து பறிக்கிற வேலை. வந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லேன்னா என் தங்கச்சிய பொணமாத்தான் பாத்திருப்பேன்” என்று அழுதார். நான் அவரைக் கட்டிலருகே கூட்டிப்போனேன். அந்த நாட்களில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அயலவர்கள் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்த வெயிலுக்க ஏன் மகள் அந்தப் புள்ளைய ஓட விட்ட?”

நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினேன். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கட்டிலில் கிடந்தபடியே அவள் என்னைப் போட்டிக்குப் போகச் சொன்னாள். “ரெண்டு பேர்ல ஒருத்தராவது போகணும்” என்றாள். போனேன். மூன்று சண்டை, மூன்றும் வெற்றி. கழுத்தில் தங்கப் பதக்கத்தை மாட்டியபோது, எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை; விலாவுக்குக் கீழே கை தானாகப் போய் நின்றது.

அவளுடைய சிறுநீரகங்கள் ஆறு வாரத்தில் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பின. உயிருக்கு ஆபத்து நீங்கியது. ஆனால் இனிமேல் சண்டை கிடையாது, கடும் உழைப்பு கிடையாது, வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

தை மாதம் நான் மலைக்குப் போனேன். அவள் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லயத்து வரிசையில் இருந்த தன் சிறிய வீட்டுக்குள் அடுப்படியில் என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். மெலிந்திருந்தாள். தேநீரைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஈரல் குத்து, படியில் அவளிடம் பேசியது ஏன் என்பது, அலுமாரியிலிருந்து எடுத்த உடுப்பு, வைத்தியரிடம் மறைத்தது. சொல்லி முடிக்கும் வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தண்ணி கேட்டது எனக்கு ஞாபகம் இருக்குக்கா” என்றாள் கடைசியில். “நீங்க நல்லதுக்குத்தான் குடுக்கலன்னு நெனச்சேன்.”

“இல்ல.”

“அம்பத்தேழுலயே நின்னிருந்தா ஒங்கள ஜெயிச்சிருப்பேன்.”

“ஓம். வெண்டிருப்பாய்.”

“அது தெரிஞ்சே சொல்லியிருக்கீங்க.”

“ஓம்.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “அதெல்லாம் வேணாம். இப்ப மன்னிக்கிறேன்னு சொன்னா அது பொய். நீங்க போய் நம்ம கோச்கிட்ட இதையே சொல்லுங்க. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அன்று பின்னேரமே பயிற்றுநரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, அடுத்த ஆண்டு அணியில் எனக்கு இடமில்லை என்றார். நான் எப்படியும் நிறுத்துவதாகத்தான் இருந்தேன். ஆனாலும் அப்படி நிறுத்தப்படுவது வேறு. அதுவும் சரிதான் என்று ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு ஆண்டு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் கல்லடியில் ஒரு சிறிய கூடத்தை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கு உடற்பலப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். எடை குறைக்க வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் இந்தக் கதையை, என் பங்கை மறைக்காமல் சொல்வேன். சிலர் கேட்டுவிட்டு மறுநாள் வருவதில்லை.

போன ஆண்டு ஒரு காலையில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. சுகம் விசாரிக்கவில்லை. மலை முகாமிலிருந்து இரண்டு பெண்கள், ஒருத்தி ஜூடோ, ஒருத்தி குத்துச்சண்டை, போட்டிக்கு முன் வெக்கைக்குப் பழக வேண்டும், இடம் இருக்கிறதா என்று கேட்டாள். முகாமில் அவள் இப்போது உதவிக்குப் போகிறாளாம்.

“என்னட்டயா அனுப்பப் போறாய்?” என்று கேட்டேன்.

“ஒங்களுக்குத்தான் தெரியும், தப்பா செஞ்சா என்ன நடக்கும்னு” என்றாள்.

அந்த இருவரும் மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். மலை ஏறி இறங்கிய தொடைகளுக்கு முதல் வாரம் பாரம் கொடுக்கவில்லை. முதுகுக்கும் தோளுக்கும் கயிறு இழுக்கிற பயிற்சி மட்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, இறங்கிய எடை அவ்வளவையும் தண்ணீராகவும் உப்புக் கஞ்சியாகவும் திருப்பிக் கொடுத்தோம். எட்டாம் நாள் குத்துச்சண்டைப் பெண்ணின் கழுத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே வியர்வை முத்து முத்தாக நின்றது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர்களுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஐந்து மணிக்கு அவள் அழைத்தாள். நான் இருவருடைய நாடியையும் எடையையும் வாசிப்பேன். எங்காவது கூடக் குறைய இருந்தால் அவள் நிறுத்திக் கேட்பாள். எல்லாம் சரியாக இருந்தால் “சரிக்கா” என்பாள். தொடர்பைத் துண்டித்துவிடுவாள். இந்த ஆண்டும் மூன்று பேர் வருகிறார்கள்.