சீர் வந்த ஃபிரிட்ஜின் கதவு

இரும்புலியூர் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, ஒரு ஃபிரிட்ஜ் கதவு போன மாதம்வரை சுவரில் சாய்ந்து நின்றது. கைப்பிடியும் அதன் கீழே சாவித்துவாரமும் துருவேறி இருந்தாலும் அதன் இளநீல நிறம் மட்டும் முழுதாகப் போகவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணியோடு சீராக வந்த ஃபிரிட்ஜ் அது. வந்த அன்றே அதன் சாவி என் அம்மாவின் இடுப்புக் கொத்தில் ஏறிவிட்டது. தன் பிறந்த வீட்டுப் பொருளிலிருந்து பால் எடுக்க அண்ணி அம்மாவைத் தேடிப் போய் நிற்க வேண்டும். அம்மாவும் உடனே திறந்துவிடமாட்டாள், "இப்போ எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்து திறப்பாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடி அது நின்றுபோனது. காயலான் கடைக்குப் போட அம்மா ஒப்பவில்லை. சீர்ப் பொருளைக் காசுக்கு விற்றால் ஊர் சிரிக்குமாம். எதிரே இருந்த காலி மனையில் வைத்துவிடுவோம், வேண்டியவன் எடுத்துப் போகட்டும் என்றான் அண்ணன். விற்றால் போகிற மானம் வீதியில் எறிந்தால் போகாது போலிருக்கிறது.

அந்தக் கதவு வெளியே கைப்பிடியை இழுத்தால்தான் திறக்கும். உள்ளேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் அசையாது. தெருப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிற இடமே அந்த மனைதான். கதவைக் கழற்றிவிட்டு வைக்கும்படி அண்ணி இரண்டு முறை கேட்டார். கதவில்லாத பெட்டியை எவன் எடுப்பான் என்று அண்ணன் சிரித்தான். உனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றாள் அம்மா.

"பூட்டின கதவு எப்படின்னு எனக்குத் தெரியும் அத்தை," என்றார் அண்ணி. அந்த வீட்டில் அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஃபிரிட்ஜை மனையில் இறக்கிவிட்டார்கள். மதியம் அண்ணி, அண்ணனின் ஸ்கூட்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனார். திருகாணிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. தெருவே வேடிக்கை பார்த்தது, ஒருவரும் கிட்டே வரவில்லை. கை தோலுரிந்து, கதவை இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்தார். நடுத்தெருவில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அண்ணன் வெகுநாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரமே பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வாசலில் வந்து கத்தினாள். அவள் மகள் அந்தப் பெட்டிக்குள் ஒளிந்து அப்படியே தூங்கிவிட்டிருந்தாள், தெருத்தெருவாகத் தேடியிருக்கிறார்கள். "குப்பையக் கொண்டாந்து போட்டுகீறீங்களே, புள்ளைக்கு எதனா ஆனா யாரு பதில் சொல்றது?" தோலுரிந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அண்ணிதான் வாசலுக்குப் போய் அந்த ஏச்சை வாங்கிக்கொண்டார். நடக்காமல் போன சாவுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அம்மா போய்ப் பல வருடமாகிறது. அண்ணி போய் ஒரு வருடம். போன மாதம் புது ஃபிரிட்ஜ் கொண்டுவந்த கடைப் பையன்கள் பழையதைத் தூக்கும்போது, பின்புறம் சாய்ந்து நின்ற அந்தக் கதவையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான் அண்ணன். இது ஏன் தனியாகக் கிடக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள்.

"அந்தக் காலத்துலயே கதவைக் கழட்டிட்டுத்தான் வெளியில வச்சேன் தம்பி. பொறுப்பு வேணும் இல்ல?"

"அண்ணிதானே கழட்டினாங்க," என்றேன்.

"யார் கழட்டினா என்ன? எல்லாம் ஒரே வூடுதானே."

வண்டியில் ஏறிய கதவின் சாவித்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே வீடுதான். சாவி மட்டும் ஒரு நாளும் அண்ணி கைக்கு வரவில்லை.