பட்டினப்பாக்கத்தில் ஒரு சிவப்புப் பென்சில்

ஞாயிறு காலை 6.40. ஈக்காட்டுத்தாங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு ஆட்டோவுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பட்டினப்பாக்கம் வரை பத்து கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆனால் சொந்தத் தங்கைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனது எனக்கு அதுதான் முதல் தடவை.

தங்கை கிரேஸ், கணவர் இறந்த பிறகு என் வீட்டில்தான் இருக்கிறாள். நாங்கள் தெற்கே நாசரேத் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் ஆட்கள். வேதாகமத்தில் மனதைத் தொட்ட வசனத்துக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தேதி எழுதுவது எங்கள் குடும்பப் பழக்கம். மூன்று மாதமாக அவள் எங்கள் சபைக்கு வரவில்லை. கேட்டால் "வேற எடத்துல ஜெபம்" என்பாள். போன வாரம் அவள் அலமாரியைத் திறந்து பார்த்தேன், தப்புதான். பழைய வேதாகமத்தைக் காணோம். புதிதாக ஒன்று இருந்தது, அதில் ஒரு கோடுகூட இல்லை. இவள் விசுவாசம் பட்டுப்போய்விட்டதா? இல்லை, தி.நகர்ப் பக்கம் ஏதாவது புதுக் கூட்டம் வளைத்துப்போட்டுவிட்டதா?

பஸ் வந்தது, ஏறினாள். "அந்த பஸ்ஸ விட்டுடாதீங்க" என்றேன்.

"இன்னா சார், போலீஸ் மேட்டரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"என் தங்கச்சி."

"கூடப் பொறந்தவளத் தொரத்திகினு போறியே, வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

கிண்டியில் பஸ் மாறினாள். அடையாற்றுப் பாலம் தாண்டி, 7.35க்குப் பட்டினப்பாக்கத்தில் இறங்கினாள். அவளுக்கு மகளிர் இலவசப் பயணம். எனக்கு 280 ரூபாய்.

வலைகள் காய்ந்த சந்து வழியே கடைசி வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலில் சீரியல் பல்பு சுற்றிய மாதா படம். அட கர்த்தாவே, ஆர்.சி. வீடு! கத்தோலிக்கர் வீட்டில் இவளுக்கு என்ன வேலை? ஜன்னலோரம் போய்க் காதைத் தீட்டினேன். உள்ளே கிரேஸின் குரல், திராட்சைச் செடியும் கொடியும் பற்றிய அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தபா படி பாப்பா. கொடி சும்மா ஒட்டிகினு இருந்தா போதும்ன்றாரா ஆண்டவரு? அது கஷ்டமாச்சே!" என்றது ஒரு பெண் குரல்.

அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் மீன்கூடையோடு ஒருத்தி. "யோவ், யார்யா நீ? ஜன்னலாண்ட இன்னா நோட்டம் வுட்னு கீற?"

சந்தே திரும்பிப் பார்த்தது. கிரேஸ் வெளியே ஓடி வந்தாள். "அண்ணே! நீங்களா?"

மானம் போயிற்று. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவர் ஸ்டெல்லா அக்கா. நாற்பது வருடம் மீன் விற்றவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. முன்பு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவர் என்று கிரேஸ் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"ஆர்.சி. வீடுன்னா விட்டிருப்பியளா?"

விட்டிருக்க மாட்டேன்.

காணாமல்போன வேதாகமம் பாயில் விரிந்து கிடந்தது. புரட்டினேன். ஞாயிறுக்கு ஞாயிறு தேதி இருந்தது. கோடுகளோ எழுத்தின்மேல் ஏறி, ஓரத்துக்கு ஓடியிருந்தன. "யாரு இப்படிக் கிறுக்கினது?" என்று கேட்டேவிட்டேன்.

"நாந்தான் சார்," என்றார் ஸ்டெல்லா அக்கா. "பாப்பா கையப் புடிச்சிக்கும், நா கோடு இஸ்ப்பேன். ரொம்பக் கோணலா கீதா?"

"இல்லக்கா," என்றேன்.

9.50க்கு வீடு திரும்பினோம். ஞாயிறுதோறும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் என் வேதாகமத்தை எடுத்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட நேரான கோடுகள். கடைசித் தேதி எது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஆறு வருடம் ஆகியிருந்தது.

மேசை டிராயரைக் குடைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "கிரேஸ், சிவப்புப் பென்சில் இருக்கா?"

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதாம்ணே இருக்கு, அது ஸ்டெல்லாக்கா வீட்ல கெடக்கு. வாற ஞாயித்துக்கெழம வாறியளா?"