வீரமுத்து விடாத கயிறு

வேப்பந்தட்டைக்குக் கிழக்கே, ஆடு மாடு மேய்ந்த பொட்டலில், 1943இல் பட்டாளத்தார் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். கொட்டகை என்றதும் நாலு கால் பந்தலை நினைத்துவிட வேண்டாம். ஊர்த் தேரை அலங்காரத்தோடு உள்ளே நிறுத்தினாலும் அதன் தலைக்கு மேல் இன்னொரு தேருக்கு இடமிருக்கும். அதற்குள் அசைந்துகொண்டு கிடந்தது ஒரு ராட்சத பலூன். எதிரி விமானத்தை மறிக்க இரும்பு வடத்தில் கட்டி மேலே ஏற்றும் பலூன். ஏற்றிப் பழகத்தான் இந்த இடம். ஊரார் அதை ஆகாயக் கப்பல் என்றார்கள்.

அதில் தொங்கும் கயிறுகளைப் பிடித்து வெளியே இழுத்துவர நாற்பது ஆள் வேண்டியிருந்தது. சோளம் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்த வீரமுத்து முதல் ஆளாகப் போய் நின்றார். பன்னிரண்டு வருஷம் மாரியம்மன் தேரில் முன்வடம் பிடித்தவர். பாதியில் கைவிட்டவனை அந்த ஊர் லேசில் மன்னிக்காது. அவர் மனைவி முத்தாயிக்கு அங்கே தண்ணீர் சுமக்கிற வேலை.

மேஸ்திரி இராமலிங்கம் தினமும் ஓதுவார்: "விசில் ஊதுனா எல்லாரும் ஒண்ணா கயித்த வுட்டுடணும். யாரும் வீரம் காட்டாதீங்க."

ஆடிக் காற்று ஒரு காலையில் பலூனைத் தூக்கியது. மேஸ்திரி விசில் ஊதினார். முப்பத்தொன்பது பேர் விட்டுவிட்டு ஓடினார்கள். வீரமுத்துவின் கை பழக்கத்தில் இறுகிவிட்டது. லாரியில் சுற்றியிருந்த இரும்பு வடம் சரசரவென்று நீள, அவர் கயிற்றில் தொங்கியபடி மேலே போனார்.

ஒரு பனை, இரண்டு பனை, நாலு பனை. இனி விட்டால் எலும்புகூட மிஞ்சாது. ஆனால் மனிதர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைமலை முழுசாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய கொட்டகை தீப்பெட்டியாகிவிட்டது. இத்தனை பெரிய பூமியிலா ஒரு முழ வரப்புக்குச் சண்டை போட்டோம் என்று வெட்கமாக இருந்ததாம்.

உள்ளங்கை உரிந்து கயிறு வழுக்கத் தொடங்கியது. கீழே லாரி இயந்திரத்தில் இருந்த வரதராசன்பேட்டை சவரிராஜ் வடத்தை மெல்ல மெல்லச் சுற்றினார். வேகமாகச் சுற்றினால் உதறலில் ஆள் விழுந்துவிடுவார்.

தரைக்கு வந்தபிறகும் விரல்கள் மடங்கியே இருந்தன. முத்தாயிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"எல்லாரும் வுட்டாங்களே, நீங்க ஏங்க வுடல?"

"மொதல்ல ஏன்னு எனக்கே தெரியல. மேல போனப்புறம் கை ஓஞ்சிபோச்சு, வுட்டுடலாம்னுதான் இருந்துச்சு. கீழ பாத்தேன். எல்லாரும் எறும்பாட்டம் ஓடுறாங்க, ஒரு புள்ளி மட்டும் நகராம நிக்குது. நீதான்னு தெரிஞ்சிடுச்சு. நீ பாத்துக்கிட்டு நிக்கறப்ப எப்படி வுழுறது?"