லமாராவின் பாட்டில் வண்டி

லமாரா ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் புருஷன் ரேவாஸைப் புதைத்த அன்று, துக்கச் சாப்பாட்டில் ஊரே உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் உக்காருடீ."

"உக்காந்தா அழுதுருவேன். விடு ஏத்தெரி."

அதற்குப் பிறகு இத்தாலிக்குப் போனாள். பாரி நகரத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் அகுரானி கிராமத்தில் பாதி வீட்டுப் பெண்கள் அப்படிப் போனவர்கள்தான். மற்றவர்கள் பணம் அனுப்பினார்கள். இவள் பணமும் அனுப்பினாள், திரும்பி வரும்போது ஒரு லாரிக்கும் வழி செய்துவிட்டு வந்தாள்.

அந்தக் கிழவியின் தம்பி மகன் விவசாயிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் இருந்தான். அவன் அத்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் லமாரா எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வீடு மண்ணில் புதைத்த சாடிகளில் அருமையான ஒயின் இருக்கிறது, பாட்டிலில் அடைக்க மெஷின் இல்லை, பாட்டில் இல்லாவிட்டால் வெளியே யாரும் வாங்க மாட்டான், கடைசியில் எல்லோரும் திராட்சையைக் கிடைத்த விலைக்கு ஒயின் தொழிற்சாலையில் கொட்டிவிட்டு வருகிறார்கள் என்று. நச்சரிப்புத் தாங்காமல் அவன் வழி செய்தான் என்று அவளே சொல்வாள். நாங்கள் பெண்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். சங்கத்தின் பேருக்கு லாரி வந்தது. உள்ளே பாட்டில் நிரப்ப, கார்க் அடிக்க எல்லாவற்றுக்கும் மெஷின் இருந்தது. வசந்தத்தில் சாடிகளைத் திறக்கும் பருவம் முழுக்க அதை ஓட்டிக்கொண்டு அலசானி ஆற்றங்கரையோரம் முற்றம் முற்றமாகப் போவோம். லமாரா ஓட்டுவாள், மெஷினையும் பார்த்துக்கொள்வாள். லேபிள் ஒட்டுவது என் வேலை.

எங்கள் பாட்டில்கள் போலந்துக்குப் போயின. ஒரு முறை ஜப்பானுக்கும் போயின. அதில் தன் ஒயினும் இருந்ததைச் சொல்லிச் சொல்லியே வாஷா தாத்தா ஊரில் எல்லோர் காதையும் புளிக்க வைத்தார். அவரிடம் இருந்தது இரண்டே சாடி.

லாரி வந்து சில வருஷம் ஆகியிருந்த ஒரு வசந்தத்தில்தான் வெளிநாட்டுப் பணச் சட்டம் பற்றிய பேச்சு வலுத்தது. வெளியிலிருந்து பணம் வாங்கும் சங்கங்கள் எல்லாம், அந்நிய சக்தியின் நலனுக்கு உழைப்பவர்கள் என்று தங்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். தலைநகர் திபிலிசியில் பிள்ளைகள் அதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். எங்கள் ஊரில் டிவிக்கு முன்னால் சண்டை போட்டார்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் கல்லறையில் கூடினோம். சிவப்பு முட்டைகளை உருட்டிவிட்டு, ரேவாஸின் மேட்டில் ஒயின் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். விருந்துக்குத் தலைவன் ரேவாஸின் தம்பி ஜும்பேர். தொழிற்சாலைக்குத் திராட்சை வாங்கிக் கொடுக்கிற ஆள், நல்ல தொண்டை. செத்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு, அமைதிக்கு என்று வரிசையாகக் கோப்பையை உயர்த்தியவன், திடீரென்று லமாரா பக்கம் திரும்பினான்.

"இது சொந்த மண்ணு விளைச்சலைத் தின்னு வாழறவங்களுக்கு. அந்நியன் வீசற காசுக்குக் கை நீட்டாதவங்களுக்கு."

ஆண்கள் எழுந்தார்கள். லமாரா ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். கோப்பையை எடுக்கவில்லை.

"ஜும்பேர், இந்த ஊர்ல வெளிநாட்டுக் காசு படாத கூரை ஒண்ணே ஒண்ணு காட்டு. உன் கூரையிலேர்ந்தே ஆரம்பிப்போமா?"

ஜும்பேரின் மனைவி கிரீஸில் இருக்கிறாள். எல்லோருக்கும் தெரியும். யாரோ சிரித்துவிட்டு, இருமுவது போல மறைத்தார்கள்.

"அது அவ உழைச்ச காசு அண்ணி. அது வேற."

"நான் மட்டும் லாரியில ஊஞ்சலா ஆடறேன்?"

அவன் கோப்பையை வைத்துவிட்டான். குரலும் இறங்கிவிட்டது. "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அன்னிக்கு ரஷ்யாக்காரன் நம்ம ஒயினே வேணாம்னு கதவைச் சாத்தினானே, அப்ப என்ன ஆச்சு? நானும் அண்ணனும் பள்ளத்துல கொட்டினோம். அண்ணன் அழுதான், நான் பார்த்தேன். திரும்ப அந்தக் கதவு திறந்து இப்பதான் நாலு காசு பாக்கறோம். உங்க இத்தாலிக்காரனுக்காக அவனைச் சீண்டணுமா?"

"ஒரே கதவை நம்பினதாலதான்டா கொட்டினோம். அதனாலதான் நான் வேற கதவு தேடறேன்."

அன்று அதோடு நின்றது. சட்டம் நிறைவேறியது. சில நாள் கழித்து ஒரு காலையில் லாரியின் பக்கவாட்டில் கறுப்புப் பெயிண்டில் 'ஏஜெண்டு' என்று எழுதியிருந்தது. எங்கள் காதில் அந்தச் சொல்லுக்கு ஒற்றன் என்றுதான் அர்த்தம். நான் மண்ணெண்ணெயும் துணியுமாக ஓடினேன். லமாரா தடுத்துவிட்டாள்.

"விடு. நாம துடைச்சா நாமதான் வெக்கப்படறோம்னு ஆயிடும். எழுதினவன் வந்து துடைக்கட்டும்."

யாரும் வரவில்லை. அந்த எழுத்தோடேயே மிச்சப் பருவம் முழுக்க ஓட்டினாள். சில முற்றங்களில் கை தட்டினார்கள். ஒரு கிராமத்தில் கேட்டைப் பாதி திறந்தவர் எழுத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "தப்பா நினைக்காதம்மா. மருமகன் போலீஸ்ல இருக்கான்" என்றார். சாடி திறந்து கிடந்தது, பாட்டில்கள் கழுவித் தயாராய் இருந்தன. லமாரா வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஆற்றுப் பாலம் வரை வேகமாக ஓட்டிப் போய், பாலத்தின் நடுவில் நிறுத்தி, இறங்கி, சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.

கோடையில் என் வீட்டில் சங்கம் கூடியது. பதிவு செய்வதா, கலைப்பதா? "பேருதானே, போட்டுட்டுப் போவோம். வேலை நடக்கட்டும்" என்றார்கள் சிலர். "பேரா? உன் பேத்தி பள்ளிக்கூடத்துல ஒற்றன் பேத்தின்னு கூப்பிடுவான், பரவால்லியா?" என்றார்கள் மற்றவர்கள். பதிவு செய்யாவிட்டால் அபராதம் என்றார்கள். செய்தாலோ, எந்தக் காகிதத்தையும் கேட்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள் என்றார்கள். லமாரா சமையலறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் வாசலில் நின்று சொன்னாள்.

"என் புருஷன் கல்லறை இங்க இருக்கு. என் கொடி இங்க இருக்கு. நான் அந்நியனுக்கு உழைக்கறேன்னு என் கையால எழுத மாட்டேன். சங்கத்தைக் கலைச்சிருவோம். கம்பெனியா ஆயிடுவோம். கம்பெனிக்கு இந்தச் சட்டம் இல்லையாம்."

வக்கீலும் அதையே சொன்னார். சங்கம் போய்க் கம்பெனி வந்தது, லாரி அதன் பேருக்கு மாறியது. வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று நாங்கள் கேக் வெட்டினோம். லமாரா சாப்பிடவில்லை. அவளுக்கு அப்போதே கணக்குத் தெரிந்திருக்கிறது. கம்பெனிக்கு அறக்கட்டளை உதவ முடியாது. டீசலுக்கும் கார்க்குக்கும் பாதி அவர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி அத்தனையும் ஒயின்காரர்கள் தலையில்தான். கூலியை இரண்டு மடங்காக்கினோம்.

அடுத்த வசந்தத்தில் பழைய வாடிக்கைகளில் பலரைக் காணவில்லை. வாஷா தாத்தா முற்றத்தில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது, அவர் ஒயினைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி நெடுஞ்சாலையோரம் விற்கத் தன் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய கூலிக்கே செய்து தருகிறேன் என்றாள் லமாரா.

"எனக்கு மட்டும் செஞ்சா பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? போம்மா. இது ரோட்டுல போறவன் குடிக்கட்டும். அவனும் ஜப்பான்காரனா இருக்கலாம், யார் கண்டா?"

அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்குள் லமாரா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தாள். "நான் என் மானத்தைக் காப்பாத்திக்கிட்டேன் ஏத்தெரி. அவரு ஒயின் ரோட்டுக்குப் போச்சு" என்றாள். அது சரியில்லை, நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றேன். அவள் அடுத்த முற்றத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.

அந்தப் பருவத்தில்தான் நாங்கள் எதிர்பார்க்காத ஆள் வந்தான். ஜும்பேர். தொழிற்சாலைக்காரன் போன அறுவடையில் விலையை அடித்துக் குறைத்ததால், பாதித் திராட்சையை அவனே வீட்டுச் சாடிகளில் போட்டு வைத்திருந்தான். வாசலுக்குள் வராமல் கேட்டிலேயே நின்றான்.

"அண்ணி, கூலி எவ்வளவோ தர்றேன். எல்லாரையும் போலத்தான்."

"எல்லாரையும் போலத்தான் வாங்குவேன். செவ்வாக்கிழமை பாட்டிலைக் கழுவி வை."

செவ்வாய்க்கிழமை 'ஏஜெண்டு' லாரி அவன் முற்றத்தில் நின்றது. எழுத்து வெயிலில் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. ஜும்பேர் அந்தப் பக்கம் போகாமலே வேலை செய்தான். சாடியிலிருந்து ஒயினைப் பெரிய தொட்டிக்கு ஏற்றி, பாதி பாட்டில்கள் ஓடியிருக்கும், மெஷினில் கிறீச்சென்று ஒரு சத்தம். நிரப்பும் வால்வு உடைந்து, மெஷின் முழுக்க நின்றுவிட்டது. திறந்த தொட்டியில் ஒயின் காற்றுப் பட்டு நின்றது. ஒரு நாள் விட்டால் போதும், கெட்டுப்போகும்.

ஜும்பேர் முகம் சாம்பலாகிவிட்டது. "இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? கை இருக்கில்ல" என்றாள் லமாரா.

புனல்கள் வந்தன, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். லமாரா ஒருத்தியே நாலு ஆளாய் ஓடினாள். ஊற்றினாள், கத்தினாள், ஜும்பேரின் தோளில் தட்டி, "வேகமா, பள்ளத்துல கொட்டற ஆசையா?" என்றாள். அவன் கார்க் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வெயில் சாய்வதற்குள் தொட்டியைக் காலி செய்துவிட்டோம். அவன் கைக்கு லமாராதான் துணி சுற்றிவிட்டாள்.

வால்வு எங்கள் நாட்டில் எங்குமே கிடைக்கவில்லை. பாரியில் அறக்கட்டளைக் கிடங்கில் ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்புகிறேன் என்று போனில் சொன்னான் அந்தத் தம்பி மகன். ஆனால் அதற்குள் இன்னொரு சட்டம் வந்திருந்தது. வெளிநாட்டு மானியம் எதுவானாலும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஓர் இரும்புத் துண்டு மானியமா, இல்லையா? வக்கீலைக் கேட்டோம். "தெரியாது. யாருக்கும் தெரியாது. நானா இருந்தா இலவசமா வாங்க மாட்டேன்" என்றார்.

லமாரா அறைக்குள் நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள்.

"நானே போறேன்."

"எங்க?"

"பாரிக்கு. அந்தக் கிழவியோட தங்கச்சி இப்ப படுத்திருக்காளாம், ஆள் கேக்கறாங்க. ரெண்டு மூணு மாசம் பாத்துக்கறேன். அந்தக் கூலியில வால்வை விலை குடுத்து வாங்கறேன். நான் அங்க மலம் அள்ளிச் சம்பாதிச்சா அது நல்ல காசு, ஜும்பேரே சொல்லிட்டான். சும்மா குடுத்தாத்தான் கெட்ட காசு."

போனாள். மிச்சப் பருவம் அவளில்லாமல், லாரி ஓடாமல் கழிந்தது. போனில் பேசும்போது அங்கேயும் நடந்துகொண்டேதான் பேசினாள். பின்னால் கிழவி கூப்பிடுவது கேட்கும். "தூக்கமே வரல ஏத்தெரி. இங்க வந்தா அங்க நினைப்பு" என்பாள்.

கோடை முடியும்போது திரும்பினாள். குத்தாயிசி விமான நிலையத்தில் சுங்கக்காரன் பெட்டியைத் திறந்து, உள்பாவாடைகளுக்கு நடுவிலிருந்து ஸ்பிரிங் வைத்த அந்தப் பளபளப்பான சாமானைத் தூக்கிப் பார்த்திருக்கிறான்.

"இது என்னம்மா?"

"என் முட்டி."

"என்னது?"

"முழங்கால் தம்பி. தேஞ்சு போச்சு. மாத்திக்கப் போறேன்."

அவன் சாமானையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடினான். வெளியே காரில் ஏறிய பிறகுதான் லமாரா கைப்பையைத் திறந்து ரசீதை எடுத்தாள். முறையாக வாங்கிய ரசீது, முத்திரையோடு. கையிலேயே வைத்திருந்தவள் காட்டவில்லை.

"எதுக்குடீ பொய் சொன்னே? பில்லு இருக்கே!"

அவள் ரசீதையே வெறித்துப் பார்த்தாள். "தெரியலடீ. யூனிஃபார்மைப் பாத்ததும் வாயில அதுதான் வந்துச்சு. தப்பே பண்ணாதவளைத் திருடி ஆக்கிட்டாங்க பாரு" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்துகொண்டாள். அன்று வீடு வரை நான்தான் ஓட்டினேன். அத்தனை வருஷத்தில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது அன்று மட்டும்தான்.

வால்வைப் பொருத்தினோம். லாரி ஓடுகிறது. பழைய முற்றங்களில் பாதிக்கும் குறைவாகத்தான் நிற்கிறது. போலந்துக்காரன் இன்னும் வாங்குகிறான், ஜப்பானிலிருந்து தகவல் இல்லை. ஜும்பேர் தன் ஒயினில் கொஞ்சத்தைப் போலந்துக்கு அனுப்ப லமாராவிடம் விலை கேட்டிருக்கிறான், சட்டம் சரிதான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டே. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுகிறாள். புது ஒயின்காரர்களைத் தேடுகிறேன் என்கிறாள். சில நேரம் யாரையும் தேடாமல், அலசானிக் கரையோரம் சும்மா ஓட்டிவிட்டு வருகிறாள் என்பது, டயரில் ஒட்டியிருக்கும் ஆற்று மணலைப் பார்த்தால் தெரியும்.