மூளிக்காது வழக்கு

என் இடது காதை அறுத்தவன் என் பொருளுக்குக் காவல் நின்ற ஊரைச் சேர்ந்தவன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

ரூபாயில் புது ராஜாவின் தலை வந்திருந்த சமயம் அது. உடன்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கருப்பட்டி வண்டிகள் போகும். நானும் இரண்டு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வாங்கி ஏதாவது ஒரு வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டிக்குப் பின்னால் நடந்து போவேன். புருஷன் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன் போனவன்தான். வீடென்று ஒன்று இல்லாததால் வாடகை என்று ஒன்றும் இல்லை. நடந்தால் சோறு கிடைத்தது, நடந்தேன்.

வழியில் ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு ஊர்க்காரர்கள் காவல். வண்டிக்கு இவ்வளவு என்று காவல்கூலி வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் எல்லைக்குள் பொருள் களவு போனால் தேடித் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். என் பெட்டிகளுக்கு நானும் என் பங்கைக் கொடுத்துத்தான் வந்தேன்.

என் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்த சில நாளில் குத்தி, பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் வைத்து, ஈயக் குணுக்கு தொங்கவிட்டு வளர்த்த காது. தோளைத் தொடும். அதில் கனத்த பொன் பாம்படம் போட்டிருந்தேன். என் சொத்து முழுவதும் அந்த இரண்டு காதிலும்தான் தொங்கியது. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, நாலாம் வகுப்பில், தொங்கு காது அநாகரிகம், வெட்டித் தைத்துக் குறுக்கிவிடலாம் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் சம்மதித்தார்கள். நான் சுவரேறிக் குதித்து வந்துவிட்டேன். என் படிப்பு அதோடு நின்றது. காதுக்காக நான் கொடுத்த முதல் விலை அது.

சம்பவம் நடந்தது நல்ல உச்சிவெயிலில். தேரிமணல் கொதித்தது. பனைமரத்து நிழல் அந்நேரம் ஒரு சுளகு அளவுதான் இருக்கும். ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குத் தாவித் தாவி நடந்ததில் வண்டிகளை விட்டுப் பின்தங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை வாயைப் பொத்தியது. இன்னொரு கை காதைப் பிடித்து இழுத்தது. வலி பிறகுதான் தெரிந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் கேட்டது. வாயைப் பொத்திய கையைக் கடித்தேன். விடவே இல்லை. அவன் என் தலையைத் தரையில் மோதிய பிறகுதான் என் பல்பிடி விட்டது. வலது காதைத் தொட அவனுக்கு நேரம் இருக்கவில்லை. ஓடும்போது திரும்பிப் பார்த்தான். முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

அலறல் கேட்டுத் திரும்பி ஓடிவந்த வண்டிக்காரர்கள் கரியும் மஞ்சளும் வைத்துக் கட்டி, அந்த எல்லையின் காவல் தலைவரிடம் கூட்டிப் போனார்கள். நரைத்த மீசை, தணிந்த குரல். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். "ஏ தாயி, பொருளுக்கு நான் பொறுப்பு" என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அந்த வாரமே ஓலையில் சுற்றிய பாம்படத்தை என் முன்னால் வைத்தார்.

"இந்தா. குண்டுமணி குறையல. எடை போட்டுப் பாத்துக்கோ. வழக்கு தீந்துட்டு."

"காது?" என்றேன்.

"எந்தக் காது?"

"இதை மாட்டியிருந்த காது, அண்ணாச்சி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "காதுக்கு நான் எங்கட்டி போக? காவல் பொருளுக்கு. ஒடம்புக்கு ஆண்டவன் காவல்."

"அப்ப என் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா ஈடு குடுப்பீய. தூக்குத கையை ஒடிச்சா குடுக்க மாட்டீய."

"ஏ பிள்ள, வாயைக் குறை."

"என் வாய்தான் அண்ணாச்சி சாட்சி. உங்க ஊர்ல எவன் கையில துணி சுத்தியிருக்கான்னு பாருங்க. அவுத்தா என் பல்லு தெரியும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் பாம்படம் எப்படி வரும்? எல்லாரையும் போகச் சொல்லிவிட்டுப் பைய பேசினார். முகம் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, மருந்துச் செலவுக்கு நல்லபடியாகத் தருகிறோம் என்றார்.

"மருந்துச் செலவுன்னு சொல்லாதீய. இது காதுக்குன்னு ஊர் கூட்டிச் சொல்லுங்க. வாங்கிக்கிடுதேன்."

"அப்படி ஒரு வழக்கம் கெடையாது தாயி. இன்னைக்கிக் காதும்ப, நாளைக்கி ஒருத்தன் மூக்கும்பான், காலும்பான். நாங்க காவல் பாக்கவா, ஒடம்புக்கு விலை பேசவா?"

அவர் பொல்லாதவர் இல்லை. அவர் கணக்கில் காது என்ற ஒன்று இல்லை, அவ்வளவுதான். நான் பாம்படத்தை மடியில் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு நடந்தேன்.

போலீஸில் எழுதி வைத்துவிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளைக்கார டாக்டரம்மா காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேதப்புஸ்தகத் தமிழில் பேசுவார். "மகளே, இப்பொழுதே தைத்தால் எளிது. தாமதித்தால் இரண்டு துண்டும் தனித்தனியே ஆறிப்போகும். பிறகு மறுபடியும் அறுத்துத்தான் தைக்க வேண்டியதாயிருக்கும்."

கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். குற்றவாளிக்கு அபராதம் போட்டால் அதில் ஒரு பங்கை அடிபட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். ஆனால் நஷ்டத்தைக் காட்ட வேண்டும். நகைதான் திரும்பி வந்துவிட்டதே, எதைக் காட்டுவாய் என்று கேட்டார்.

"தைக்க வேண்டாம்மா. கோர்ட்டு பாக்கட்டும்" என்றேன் டாக்டரம்மாவிடம். அவர் முகம் சுளித்தார். ஆனாலும் காயத்தைப் பற்றி ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

நான் சொன்ன அடையாளத்தை வைத்துப் போலீஸ் அவனைப் பிடித்தது. வழக்கு இழுத்தது. மழை வந்து தாமிரபரணி கரை தொட்டு ஓடி, பிறகு வடிந்தது. நான் களக்காட்டுப் பக்கம் அறுவடைக்குப் போனேன், திருச்செந்தூரில் திருவிழாவுக்கு வளையல் விற்றேன், வாய்தாவுக்கு வாய்தா நடந்து வந்தேன். காது டாக்டரம்மா சொன்னபடியே ஆறியது. இரண்டு வாலாகத் தொங்கியது. தலைச்சுமை இறக்கும்போதெல்லாம் சும்மாட்டில் சிக்கி உயிர் போகும். காது அறுந்தவளை, காதில் நகையில்லாதவளை எங்கள் பக்கம் மூளி என்பார்கள். கெட்ட சகுனம் என்று ஒதுங்குவார்கள். காலையில் வளையல்கூடையோடு நான் எதிரே வந்தால் பெண்கள் வாசற்கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுகளும் நஷ்டம்தான். அவற்றை எந்த எடைக்கல்லில் நிறுப்பது?

விசாரணை நாளில் மாஜிஸ்திரேட் அவன் கையைப் பார்த்தார். பல் தடம் வரிசையாக இருந்தது. நாய் கடித்தது என்றான். எந்த நாய்க்கு இப்படிப் பல் இருக்கும் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் பக்கத்து வக்கீல் வழியை மாற்றி என்னிடம் வந்தார்.

"ஆஸ்பத்திரியில இலவசமாத் தைக்கேன்னு சொன்னாங்களா, இல்லியா?"

"சொன்னாக."

"நீ ஏன் தைக்கல? கிழிஞ்ச காதைக் காட்டிக் காசு பறிக்கத்தானே?"

"ஆமா, காட்டத்தான் வச்சிருக்கேன். மூடிட்டு வந்தா காயமே இல்லைன்னு நீங்கதானே ஐயா சொல்லுவீய."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். "நகை உன்னிடம் வந்துவிட்டது. அப்புறம் உனக்கு என்னம்மா நஷ்டம்?"

நான் மடியை அவிழ்த்துப் பாம்படத்தை எடுத்தேன். "வந்துட்டு ஐயா. இதை எங்க மாட்ட? நீங்களே சொல்லுங்க." வக்கீல் காதில் வெள்ளைக்கல் கடுக்கன் மின்னியது. அவரிடம் திரும்பினேன். "வக்கீலய்யா, ஒங்க கடுக்கனைக் காதோட பிச்சி எடுத்து, கடுக்கனை மட்டும் ஒருத்தன் திருப்பித் தந்தா, வழக்கு தீந்துட்டுன்னு வீட்டுக்குப் போவீயளா?"

கோர்ட்டு முழுதும் சிரித்தது. சேவகன் "சத்தம் போடாதீங்க" என்று கத்தினான், அவனும் சிரித்தபடியே. வக்கீலின் கை அவரை அறியாமல் காதுக்குப் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது சந்தோஷம்.

அவனுக்கு ஜெயிலும் அபராதமும் விதித்தார்கள். அபராதத்தில் பாதியை எனக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. எதற்காக என்று எழுதியிருக்கிறது என்று குமாஸ்தாவைக் கேட்டேன். "காது அறுபட்டதற்காக" என்று வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

அபராதம் கட்டாவிட்டால் கூடுதல் ஜெயில். கட்ட வந்தவள் அவன் பெண்டாட்டி. என்னை விட இளையவள். காதில் இருந்ததை விற்றுக் கட்டினாள். அவள் காது வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. நான் என் பங்கை வாங்கிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே வந்ததும் வழியை மறித்தாள்.

"ஏட்டி மூளி, இப்பம் ஒனக்கு வயிறு குளுந்துட்டா? என்னையும் ஒன்ன மாதிரி ஆக்கிட்டியே!"

"என்ன மாதிரி இல்ல. ஒன் காது முழுசா இருக்கு. பொன்னு என்னைக்கு வந்தாலும் மாட்டிக்கிடலாம்."

"நீ வெளங்க மாட்ட."

"ஒன் புருஷன் வெளியே வந்த பெறவு அவன்கிட்ட கேளு, யாரு ஒன் காதை அவுத்தான்னு."

அவள் மண்ணை வாரித் தூற்றினாள். நான் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாமே என்று பிறகு சிலர் என்னிடம் சொன்னார்கள். யாரும் அவனிடம் போய் எதையும் சொல்லவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இப்பம் அறுத்துத் தையுங்கம்மா" என்றேன். டாக்டரம்மா தைத்தார். நீளம் போய்விட்டது, கன்னத்தோடு ஒட்டிய சின்னக் காதாக ஆகிவிட்டது. "மற்றதையும் இதற்குச் சமமாய்ச் செய்துவிடட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். வலது காது அப்படியே பாம்படத்தோடு தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூளி என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. பார்க்கிறவர்கள் திணறட்டும்.

மறுபடியும் உடன்குடிக்குப் போய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டு அதே வழியில் வந்தேன். அதே எல்லையில் அதே அண்ணாச்சி காவல்கூலி வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பொன்னு போனா நான் பொறுப்பு. காதுக்கு என்னால ஆகாது, கோர்ட்டு வரைக்கும் இழுத்துருதாளுவ. முக்காடு போட்டுட்டுப் போங்க தாயி."

பிறகு என்னைப் பார்த்தார். முக்காடு போடச் சொல்லவில்லை. என் கூலியை எடுத்துக்கொண்டு, தன் காவல் ஆள் ஒருவனைக் கூப்பிட்டார். "லே, எல்லை தாண்டுத வரைக்கும் இவ பின்னால நட."

"முன்னால நடக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "பின்னால வந்தவனைத்தான் ஏற்கெனவே பாத்தாச்சே."

அவன் முன்னால் நடந்தான். நான் தலையை மூடாமல், வலது காது தோளில் தட்டத் தட்ட நடந்தேன்.