ரிசப்ஷன் நாற்காலிக்கு இங்கிலீஷ் பாடம்

பத்தாம் வகுப்பு இங்கிலீஷுக்கு டியூஷன் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முன்னால்தான் படிக்கிறோம். மீதிப் பேர் அதை வெளியே சொல்வதில்லை.

நான் முதல் பாதி. படித்தது பூதிகோட்டை அரசுப் பள்ளியில். அங்கே இங்கிலீஷ் கவிதை என்றால் போர்டில் இருப்பதை நோட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது. கல்யாணமாகி ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்புக்கு வந்து, மகளும் பிறந்த பிறகு, பங்காருபேட்டையில் வாங்கிய டிகிரி பீரோவில் சும்மா கிடக்கிறதே என்று லைன் வீட்டு முன்னறையில் பாய் விரித்தேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, இந்த வருஷம் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். உங்களுக்கும் இதில் ஒன்றிரண்டு நடந்திருக்கும்.

ஐந்தாவது ஆள்

பத்தாவது படிக்கிற பெண்கள் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் விசாகா அக்கா நின்றார். எங்கள் லைனில் கடைசி வீடு, வயது முப்பத்தேழு. பங்காருபேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. “யாரைச் சேர்க்கணும் அக்கா?” என்றேன். “என்னைத்தான்” என்று செருப்பைக் கழற்றினார்.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் எழுதுகிற அம்மா ஜூனில் வேலையை விடுகிறார். பத்தாவது பாஸ் என்று சர்டிபிகேட் காட்டினால் அந்த இடம் விசாகா அக்காவுக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அக்கா அந்தக் காலத்திலேயே எல்லாப் பாடத்திலும் பாஸ், இங்கிலீஷ் மட்டும் பாக்கி. பன்னிரண்டு வருஷம் குனிந்து துடைத்ததில் முழங்காலும் இடுப்பும் போய்விட்டது. நான் உற்சாகமாக கைடைப் பிரித்து, முதல் பாடத்தில் வருகிற ராஜாவின் கதையை ஆரம்பித்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“ராஜா நல்லா இருக்கட்டும் டீச்சர், எனக்கு அந்த சேர் வோணும், அதுக்கு இன்னா எழுதணுமோ அதைச் சொல்லுங்க.”

புயலின் குணநலன்கள்

கேரக்டர் ஸ்கெட்ச் என்றால் நம் பிள்ளைகளிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அன்பானவர், துணிச்சலானவர், நேர்மையானவர். இதில் ராஜாவும் அடங்குவார், ராஜாவைக் கொன்றவனும் அடங்குவான். எங்கள் பேட்ச்சில் வாய் அதிகமான பெண் ஜீவிதா. கடலோர கிராமம் ஒன்றைப் புயல் அழிக்கிற பாடத்தில், புயலை வர்ணிக்கச் சொன்ன கேள்விக்கு அவள் எழுதியிருந்தாள்: புயல் அன்பானது, துணிச்சலானது, நேர்மையானது.

நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “ஏண்டி, அம்பது வீட்டை இடிச்சது அன்பா?” ஜீவிதா கொஞ்சம் யோசித்து, “அன்பை வேணா அடிச்சுடலாம் மிஸ்” என்றாள். துணிச்சல் சரி, அதில் எனக்கும் சண்டை இல்லை. “நேர்மை?” என்று கேட்டேன். ஜீவிதா வாயைத் திறப்பதற்குள் விசாகா அக்கா பாடத்தின் முதல் பத்தியில் விரலை வைத்தார். அங்கே வானம் கறுத்தது, பறவைகள் கலைந்து பறந்தன என்று இருந்தது.

“சொல்ட்டுதானே வந்து அடிச்சுது டீச்சர், அப்ப நேர்மைதான்.”

எட்டுக் கட்டில்

மனப்பாடச் செய்யுள் எட்டு வரி. ஒரு படகு, ஒரு மேகம், கரையில் ஒரு பறவை என்று போகும். பெண்கள் நாலு நாளில் ஒப்பித்துவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் படகு போனால் மேகம் வராது, மேகம் வந்தால் படகு கவிழ்ந்துவிடும். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் துடைக்கிற வார்டில் எட்டுக் கட்டில். கட்டிலுக்கு ஒரு வரி. முதல் கட்டிலின் கீழே மாப்பை விட்டதும் முதல் வரி, நகர்ந்தால் இரண்டாவது. ஒரே வாரத்தில் எட்டு வரியும் தடதடவென்று வந்தது. நான் இதை மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லி, என் யோசனை மாதிரியே நடந்துகொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று வரி சொல்லிவிட்டு அக்கா நின்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடி அதே இடம். “நாலாவது வரி அக்கா, பறவை!” என்று ஜீவிதா எடுத்துக்கொடுத்தும் நகரவில்லை. நாலாவது கட்டிலில் இருந்த தாத்தா இடுப்புக் கட்டோடு ஒரு மாதமாகப் படுத்திருந்தவராம். அவர் முகத்தைப் பார்த்துதான் அக்கா அந்த வரியையே பிடித்துவைத்திருந்தார்.

“அவர் சனிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு டீச்சர், லைனையும் கூடவே எடுத்துகினு போயிட்டாரு.”

மூணு வயசு முதல் மாணவி

முன்னறையில் ஐந்து பேர் சத்தம் போட்டுப் படித்தால் உள்ளறையில் இருப்பவர்களும் படித்துவிடுகிறார்கள். என் மகளுக்கு மூன்று வயது. “அம்மா, பால்” என்று கேட்கத் தெரியும். கூடவே, கவிஞர் இந்தக் கவிதையில் இயற்கையின் அழகை வியக்கிறார் என்று இங்கிலீஷில் சொல்லவும் தெரியும். தட்டில் இட்லி வைத்தால் வியக்கிறாள். குளிக்க வைத்தால் வியக்கிறாள்.

என் கணவர் தினம் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர். ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் காபி குடிப்பார். அன்றைக்கு மகள் அவர் மடியில் உட்கார்ந்து முழு பதிலையும் ஒப்பித்தாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவளுக்கு ஒரு ஹால் டிக்கெட் வாங்கு, அந்த அக்காவுக்குப் பதிலா இவளே எழுதிட்டு வந்துடுவா.”

ஜன்னலோரப் பெண்

ஒரே ஒரு பாடத்தில்தான் எனக்கும் விசாகா அக்காவுக்கும் உண்மையாகவே முட்டிக்கொண்டது. கப்பலேறிப் போன கணவனுக்காக ஒரு பெண் பல வருஷம் ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் அவன் வருகிறான். அவளிடம் நீ வியக்கும் குணம் என்ன என்று கேள்வி. கைடில் பதில் தெளிவாக இருக்கிறது: பொறுமை.

“சோத்துக்கு இன்னா பண்ணா?” என்றார் அக்கா. “அது லவ் ஸ்டோரி அக்கா” என்றாள் ஜீவிதா. “லவ்வுதான், நான் இல்லன்னா சொன்னேன்? சோத்துக்கு இன்னா பண்ணா?” நான் பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், சத்தியமாக அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி இல்லை. “வீடு கடல் பக்கம்தானே, மீன் வித்திருக்கலாமே” என்று அக்கா விடவில்லை.

எனக்குக் கவலையாகிவிட்டது. திருத்துகிறவர் பொறுமை என்ற வார்த்தையைத்தான் தேடுவார். மீனைப் பார்த்தால் பேப்பரை மூடிவிடுவார். மூன்று மார்க் அக்கா, பாஸுக்கும் பெயிலுக்கும் நடுவில் நமக்கு இருப்பதே அவ்வளவுதான், நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“உக்காந்துகினு இருந்தா பொறுமைன்னு நாமளே எழுதிக்கிறோமே டீச்சர், அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

கேட் வாசலில்

பரீட்சை அன்று ஐந்து பேரையும் நானே சென்டருக்குக் கூட்டிப்போனேன். விசாகா அக்கா இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கையில் இரண்டு பேனா, முகத்தில் ரத்தமே இல்லை. நாலு பெண்களும் உள்ளே நுழைந்தார்கள். பின்னாலேயே போன அக்காவைக் கேட்டில் நின்ற ஆள் கையைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். “பேரன்ட்ஸெல்லா ஹொரகே, ஹொரகே!” என்று கன்னடத்தில் விரட்டி, வெளியே கை காட்டினார்.

அக்கா ஹால் டிக்கெட்டைத் தேடினார். பதற்றத்தில் பை, முந்தானை, ரவிக்கை எங்கும் அகப்படவில்லை. அது அவர் இடது கையில்தான் இருந்தது. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்துகிறேன், கூட்டத்தில் யார் காதிலும் விழவில்லை. ஜீவிதா உள்ளேயிருந்து திரும்பி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

“சார், இவங்க பேரன்ட் இல்ல, என் கிளாஸ்மேட்!”

மூன்று மணி நேரம் கழித்து

வெளியே வந்த பெண்கள் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அக்கா மட்டும் குழாயில் முகம் கழுவிவிட்டு நிதானமாக வந்தார். “ஜன்னல்காரி வந்துட்டா டீச்சர்” என்றார். மார்க்கைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள் நான். அந்த மூன்று போனால் என்ன மிஞ்சும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“பொறுமைன்னு எழுதினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.” “எழுதினேன் எழுதினேன்” என்றார். நான் மூச்சு விட்டேன். “மீனைப் பத்தி எழுதலையே?” அக்கா முகத்தைத் துடைப்பது போல முந்தானையால் சிரிப்பை மறைத்தார்.

“நீங்க சொன்னதையும் விடல, நான் சொன்னதையும் விடல, பொறுமையா மீன் வித்தான்னு எழுதிட்டேன்.”

நாலு மார்க்

ரிசல்ட் வந்த காலையில் அக்கா முதல் ஷிஃப்ட்டில் இருந்தார். பதிவு எண் என்னிடம். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா மூன்று தடவை போன் பண்ணிவிட்டார், மூன்று தடவையும் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பின்னால் வாளி இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. மேனேஜர் அன்றைக்கு மதியமே வெளியாள் ஒருத்தியை வரச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

நாலாவது தடவை அக்கா போனில் இருக்கும்போதே பக்கம் திறந்தது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். அக்கா முப்பத்தொன்பது. நான் கத்திய கத்தலில் மகள் எழுந்து அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் வாளிச் சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம்தான் குரல் வந்தது.

“நாலு மார்க் மிச்சம் கீதே டீச்சர், கஷ்டப்படற புள்ளைங்க யாருக்காவது குட்த்துடலாமா?”

டோக்கன் நம்பர் பதினாறு

ஜூலையில் மகளுக்குக் காய்ச்சல். அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிசப்ஷனில் விசாகா அக்கா, புது பேட்ஜ், காதில் பேனா. பெயர், வயது எல்லாம் இங்கிலீஷில் எழுதி டோக்கனைக் கிழித்து நீட்டினார். எழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அக்கா அதன் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் நின்றே எழுதினார். “இன்னா அக்கா, இதுக்கா இத்தனை மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டோம்? உட்காருங்க” என்று அதட்டினேன். அக்கா விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தார். வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

“உக்காந்தா வேலை செய்ற மாதிரியே இல்ல டீச்சர், யாராவது வந்து வெய்வாங்களோன்னு கீது.”

இலக்கியம் படித்தால் வாழ்க்கை மாறுமா என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வேன்: கட்டாயம் மாறும், ஆனால் மாறின வாழ்க்கையில் சாய்ந்து உட்கார எந்த கைடிலும் பாடம் இல்லை.