உறக்கத்துக்குச் சாட்சி கேட்டவர்

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஏழுமலை தொலைபேசியில் கூப்பிட்டார். டாக்டர் மரகதத்தின் கிளினிக்கில் ஆரம்ப நாளிலிருந்து கம்பவுண்டராக இருப்பவர். ஊசிக்குப் பயந்து அலறும் பிள்ளைகளை அதட்டும் அவருடைய குரல்தான் எனக்குப் பழக்கம். அன்று அந்தக் குரல் உடைந்திருந்தது. "டீச்சரம்மா, நம்ம டாக்டரம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. குழாயை மூடாமலே உள்ளே வந்திருக்கிறேன். முற்றம் முழுவதும் தண்ணீர்.

மாலையில் அவருடைய சொந்த ஊரான தியாகதுருகம் போய்ச் சேர்வதற்குள் பேருந்து நிறுத்தத்தில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. "மீளாத் துயிலில் ஆழ்ந்தார்" என்று அச்சிட்டிருந்தார்கள். அன்பினால் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரகதம் பார்த்திருந்தால் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்திருப்பார். சாவைத் தூக்கம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தூங்கறப்ப உள்ள எம்மாம் வேலை நடக்குது தெரியுமா? பகல்ல பாத்தது, படிச்சது எல்லாத்தையும் மூளை அடுக்கி வெக்கிது. ஒடம்பு ரிப்பேர் பண்ணிக்கிது. சாவுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்பார்.

அவர் என்னைவிட மிகவும் இளையவர். முறைப்படி எனக்கு அவர் எழுதியிருக்க வேண்டிய அஞ்சலியை அவருக்கு நான் எழுதுகிறேன். இந்த ஒழுங்கீனத்தை நான் மன்னிப்பதாக இல்லை.

கள்ளக்குறிச்சியில் அவருடைய கிளினிக்குக்குப் போன எல்லாருக்கும் அந்தப் பலகையைத் தெரிந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவில் தொங்கும்: "டாக்டர் தூங்குகிறார். அவசரம் என்றால் எழுப்பவும்." படித்த ஒரு மருத்துவர் இப்படி எழுதி மாட்டலாமா என்று நான் கேட்டேன். 'ஓய்வில் இருக்கிறார்' என்றாவது போடக்கூடாதா? "ஏன் டீச்சர், தூங்கறது தப்பா? ஒளிச்சி வெக்கறதுக்கு?" என்றார். சங்கராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள்கூட அந்தப் பலகையின் கீழே சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவதும் உண்டு. மரகதம் எழுந்ததும் அவர்களை முதலில் பார்ப்பார்.

அவருடைய பேச்சு எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. சென்னையில் பெரிய படிப்புப் படித்துவிட்டு, அங்கேயே தூக்கத்தைப் பற்றியும் கனவைப் பற்றியும் தேடித் தேடிக் கற்றுக்கொண்டு வந்த பெண், நோயாளியிடம் "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்பார். நான் கடலூரில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். ஒருமுறை திருத்தினேன். "சரிங்க டீச்சர்" என்று பணிவாகத் தலையாட்டினார். அடுத்து உள்ளே வந்தவரிடம், "இன்னா பெரியவரே, மாத்திர துன்னீங்களா?" என்றார். நான் கைவிட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை என் கணவர் உயிரோடு இருந்தவரை இரண்டு பேரைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. மரகதத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

என் கணவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பகலில் ஒரு கோழியைக்கூட விரட்டிப் பேசாத மனிதர். ஓய்வு பெற்ற சில காலத்தில் அவருக்குத் தூக்கத்தில் கை வீசும் பழக்கம் வந்தது. முதலில் தலையணை விழுந்தது. பிறகு அடி என் மேல் விழுந்தது. கூடவே, அவர் வாயில் நான் கேட்டே இராத வசவுகள். விடிந்ததும் என் தோளைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். கையை மறைக்க நீளக் கை ரவிக்கை தைத்துக்கொண்டேன்.

வீட்டு வேலைக்கு வந்த குப்பு அதையும் மீறிப் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா இது, அய்யா இந்த வயசுல கை நீட்றாரா? பாத்தா பசு மாதிரி கீறாரு!" என்றாள். கதவு இடித்துவிட்டது என்றேன். "எங்க வூட்டாண்டயும் அந்தக் கதவு இருந்துச்சிம்மா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் துலக்கப் போனாள். இரண்டு தெருவுக்குச் செய்தி போய்விட்டது என்பது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சில்லறை கொடுத்ததிலேயே தெரிந்தது.

என் கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உளுந்தூர்பேட்டையில் இருந்த தம்பி வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் இருக்கிறேன் என்று சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். எத்தனை நாள் என்று கேட்டேன். குளிர்காலத்துக்கான மஃப்ளரையும் எடுத்து வைத்தார். அப்போது சித்திரை மாதம். இவர் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. இருக்கச் சொல்லி நான் கெஞ்சவும் இல்லை. தூக்கத்தில் வெளியே வரும் அந்த மனிதர்தான் உண்மையானவரோ, இத்தனை வருடம் நான் வாழ்ந்தது அவருடைய மரியாதையோடு மட்டும்தானோ என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டிருந்தது.

புறப்படுவதற்கு முன்பே ஓர் இரவு அவர் கட்டிலிலிருந்து பாய்ந்து விழுந்து, பீரோ முனையில் புருவம் கிழிந்தது. காலையில் மரகதத்திடம் தையல் போடப் போனோம். வழுக்கி விழுந்ததாக என் கணவர் சொன்னார். மரகதம் தையலை முடித்துவிட்டு, ஏழுமலையை வெளியே அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அய்யா தூங்கறப்ப எப்டி இருப்பாரு, டீச்சர்?"

நான் விறைத்துப்போனேன். கான்வென்ட் விடுதியில் போர்வைக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு தூங்கப் பழக்கப்பட்டவள் நான். தூக்கத்தைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று வளர்ந்தவள். "அவரையே கேளுங்கள்" என்றேன்.

"தூங்கறவருக்குத் தன் தூக்கத்தைப் பத்தி இன்னா தெரியும்? பக்கத்துல படுத்திருக்கறவங்கதான் சாட்சி. எங்க வைத்தியத்துல பாதி அவங்க சொல்றதுதான்."

ரவிக்கைக் கையை மட்டும் மேலே ஏற்றிக் காட்டினேன். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மரகதம் என் கையைப் பார்த்தார், தொட்டு அழுத்திப் பார்த்தார், பரிதாபப்படவில்லை. அதற்காக அவரை அந்த நிமிடமே எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கணவரின் முன்னால் உட்கார்ந்தார்.

"கனவுல யார அடிக்கிறீங்க சார்?"

"நாய்ங்க, டாக்டர்" என்றார் அவர். "கூட்டமா வருதுங்க. ஒரு வாட்டி கரடி."

"உங்க மேல பாயுதா?"

"என் மேல இல்ல. இவ மேல. இவ முன்னாடி நின்னுக்கினு நான் அடிக்கிறேன்." தைத்த புருவத்தைக் கையால் மூடிக்கொண்டார். "விடிஞ்சி பாத்தா இவ தோள் கன்னிப் போயிருக்கு. என்னமோ மிருகம் எனக்குள்ளதான் இருக்குது. அதான் ஊருக்குப் போறேன்."

அத்தனை இரவுகளும் எனக்காக ஓங்கிய கை என் மேலேயே இறங்கியிருக்கிறது. எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது மனிதர் எதிரில் கணவரைத் தொடும் வழக்கம் என் தலைமுறைக்கு இல்லை. அன்று தோளில் கை வைத்தேன்.

மரகதம் அதைப் பார்க்காதவர்போல மேஜையில் எதையோ தேடினார். பிறகு விளக்கினார். கனவு வரும் வேளையில் மூளையின் அடிப்பகுதி உடம்பைப் பூட்டி வைத்துவிடும். கண்ணும் மூச்சும் தவிர மற்றது அசையாது. "அந்தப் பூட்டு மட்டும் இல்லன்னா ஊரே எழுந்து ஓடிக்கினு இருக்கும், சார். அவனவன் கனவுல இன்னா இன்னா பண்றான்!" என்று சிரித்தார். வயதான சில ஆண்களுக்கு அந்தப் பூட்டுத் தளர்ந்துபோகும். கனவில் ஓங்கிய கை கட்டிலிலும் ஓங்கும். "பூட்டுதான் கெட்டுது. மனசு கெட்டுப் போவல." இரவில் போட ஒரு மாத்திரை கொடுத்தார். பீரோவை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். தனிக் கட்டில் போட்டு நடுவில் தலையணைகளை அடுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு அப்படியே நினைவிருப்பது இது: "கட்டில தள்ளிப் போடுங்க. ரூம தள்ளிப் போடாதீங்க."

பெட்டியிலிருந்து சட்டைகளை நானே எடுத்து அலமாரியில் வைத்தேன்.

குப்புவுக்கு இதைச் சொன்னேன், என் கணவரின் பெயரைத் தெருவில் அவள்தான் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "கனாவுல நாய அடிச்சாரா! சரி போவட்டும். எங்க வூட்டுக்காரன் நல்லா முழிச்சிக்கினே அடிச்சான். அதுக்கு இன்னா மாத்திர தராங்கோ, கேட்டுச் சொல்லும்மா." மரகதத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு எங்கிட்ட மாத்திர இல்ல, டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. இந்தப் பூட்டுத் தளர்ந்தவர்களில் பலருக்கு, வருடங்கள் கழித்துக் கை நடுக்க நோய் வரக்கூடும் என்றார். "முழுசா சொல்லட்டுமா, பாதி போதுமா?" என்று முதலில் எங்களைக் கேட்டார். முழுதும் சொல்லுங்கள் என்றார் என் கணவர். பல வருடம் கழித்து அது வந்தது. வயலையும் மலையையும் கோடு பிசகாமல் வரைந்த கை தம்ளரைப் பிடிக்க முடியாமல் போயிற்று. முன்னமே தெரிந்திருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. அவர் போகும்வரை ஒரே அறையில்தான் இருந்தோம்.

அவர் போன பிறகு, வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று மரகதம் என்னைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். வாரம் ஒருநாள் வெள்ளிமலைப் பக்கம் போய் வைத்தியம் பார்ப்பார். பெயர் கேட்டு, வரிசையில் உட்கார வைப்பது என் வேலை. "வாத்தியாரம்மா இருந்தா எவனும் வரிசைய ஒடைக்க மாட்டான்" என்பார்.

ஒருநாள் போகும் வழியில் என் மனக்குறையைச் சொன்னேன். கணவர் ஒரு தடவைகூட என் கனவில் வரவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டு இறந்தவர்களைக் கனவில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் இல்லை. "வரலன்னு எப்டி சொல்றீங்க? நாம பாக்கற கனவுல முக்காவாசி எழுந்துக்கும்போதே மறந்துடும். நியாபகம் இல்ல, அவ்ளோதான்" என்றார். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

அன்று ஒரு சாமைக் கொல்லைக்காரர் தன் மருமகளை அழைத்து வந்தார். விடியும் நேரத்தில் அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்கார்கிறதாம். கண் தெரிகிறது, கை வரவில்லை, கத்த முடியவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். பேயோடு வந்தவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்பது பெரியவரின் முடிவு.

"எனக்கும் ஹாஸ்டல்ல வந்து உக்காந்துருக்குதுங்க, பெரியவரே" என்றார் மரகதம். "என்னையும் ஊருக்கு அனுப்பிடுவீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண் முழித்த பிறகும் உடம்பின் பூட்டுத் திறக்கத் தாமதமாவதுதான் அது என்று மரகதம் விளக்கினார். மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு, வந்தால் சுண்டு விரலை அசைக்கப் பார் என்றார். பிறகு, பின்னால் தயங்கி நின்ற அவளுடைய கணவனைக் கூப்பிட்டார். "நீதானே பக்கத்துல படுத்திருக்க? அவ மூச்சு மாறினா தோளத் தொடு. தொட்டாலே வுட்டுடும்." அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த மாதம் இருவரும் ஒரு பலாப்பழத்தோடு வந்தார்கள்.

அன்று இறங்கும்போது கச்சிராயபாளையத்துக்கு மேலே, ஜீப்பிலேயே நான் தூங்கிவிட்டேன். ஏழுமலை வண்டி ஓட்டினார். மரகதம் என் பக்கத்தில் இருந்தார். கண் விழித்தபோது அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சீங்க, டீச்சர்" என்றார் மரகதம்.

"நானா?"

"நல்லா சத்தமா. ஏழுமல பயந்து பிரேக் போட்டுட்டாரு."

"நெசந்தாம்மா" என்றார் ஏழுமலை, திரும்பாமல்.

எனக்கு ஒன்றுமே நினைவில்லை. "அவர்தான் வந்தாரா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

மரகதம் பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். "உள்ள யார் வந்தாங்கன்னு நான் எப்டி சொல்றது, டீச்சர்? நீங்க சிரிச்சீங்க. அதுக்கு நான் சாட்சி" என்றார்.

எனக்குச் சிரிப்பு எளிதில் வராது. என்னோடு வேலை பார்த்தவர்களையும் என்னிடம் படித்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். என்னைச் சத்தமாகச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். மரகதத்திடமிருந்து என்னோடு வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சாட்சியம். அதற்கு மேல் ஒரு சொல்கூட அவர் சேர்க்கவில்லை. தீர்ப்பை நானே எழுதிக்கொண்டேன்.